மந்திரி விழுங்கிய பக்கம்

"ஒரே ஒரு கேள்விதான் வாத்தியாரம்மா. இருதயராஜ் வேணும்னு பண்ணினானா, இல்லையா?"

பொன்னுரங்கம் இதை முதல் தடவையாகக் கேட்கவில்லை. வருஷா வருஷம் ஒத்திகை தொடங்கும் அன்று கேட்பார்.

வாத்தியாரம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து உடைகளை உதறிக்கொண்டிருந்தார். ஒரு ஜிப்பாவின் அக்குளில் தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்தாரே தவிர பொன்னுரங்கத்தைப் பார்க்கவில்லை.

நாடகத்தில் சொல்லிக்கொடுப்பவர் ஆணோ பெண்ணோ, வாத்தியார்தான். அந்த ஊர் நண்பர்கள் நாடக மன்றத்துக்குத் திலகவதிதான் வாத்தியார். பகலில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாக்களை அதட்டுபவர். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயதாவது சின்னவர். இருந்தாலும் அவர் முன்னால் பொன்னுரங்கம் கைகட்டித்தான் நிற்பார்.

"அன்னைக்கு வசனம் எடுத்துக் கொடுக்க சைடுல புஸ்தகத்தோட நின்னது நீங்கதானே. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

வாத்தியாரம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு தலைப்பாகையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பச்சைப் பட்டு, ஓரத்தில் மங்கிப்போன ஜரிகை. பொன்னுரங்கத்துக்கு அது யாருடையது என்று நன்றாகத் தெரியும்.

"இது மந்திரியோடது. இருதயராஜ் போடுறது."

"இந்தத் தடவை நீங்க போடுறீங்க."

கேட்ட கேள்விக்கு இதுவா பதில் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

*

சந்தேகப்படுவதில் பொன்னுரங்கத்தை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கவுண்டரில் ஆயுசைக் கழித்தவர். கையெழுத்தின் வால் கொஞ்சம் நீண்டிருந்தால் போதும், மறுபடி போடச் சொல்வார். ஒருமுறை சொந்த மனைவியின் கையெழுத்தையே திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டில் இரண்டு நாள் உப்பில்லாத ரசம் சாப்பிட்டார். அதுவும் வேண்டுமென்றே செய்ததா, மறதியா என்று அவருக்கு இன்றுவரை சந்தேகம்.

ஆனால் இருதயராஜ் விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை.

இருவரும் ஒரே தெருக்காரர்கள். ஒரே நாளில் மன்றத்தில் சேர்ந்தவர்கள். நாடகம் முடிந்தால் ஒரே பாட்டில் தேங்காய் எண்ணெயில்தான் இருவரும் முகச் சாயத்தைத் துடைப்பார்கள்.

அப்போதுதான் அந்த ராஜா நாடகம் வந்தது. பொன்னுரங்கம் ராஜா, இருதயராஜ் மந்திரி. கோட்டைக்கு வெளியே எதிரிப் படை. உள்ளே பசியில் ஊர். கடைசிக் காட்சியில் மந்திரி கேட்பார்: "மன்னா, தங்கள் முடிவு என்ன?"

ராஜா அதற்கு ஒரு முழுப் பக்கம் பேச வேண்டும். "அமைச்சரே, இந்த வாசலைப் பாரும்" என்று தொடங்கும். பாட்டன் கட்டிய வாசலை ஏன் திறந்துவிடப் போகிறேன், என் மானம் பெரிதா, இந்தக் குழந்தைகளின் கஞ்சி பெரிதா என்று போகும். நாடகமே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பொன்னுரங்கம் அதைத் தபால் ஆபீஸிலும் குளியலறையிலும் சொல்லிச் சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

நாடகம் நடந்த அன்றைக்கு அவருடைய அப்பா வந்திருந்தார்.

அப்பா ரைஸ் மில் மேஸ்திரி. கூத்துப் பார்ப்பதும் குடிப்பதும் அவருக்கு ஒன்று. மகன் நடித்து அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மா கெஞ்சி அனுப்பிவைத்தாள். முன்வரிசையில், குடையை முழங்காலுக்கு நடுவே ஊன்றி, அதன் பிடியில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார்.

பொன்னுரங்கம் மேடையிலிருந்து அந்தக் குடையைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். பேச வாயெடுத்தார்.

அடுத்த நொடி இருதயராஜ் குறுக்கே விழுந்துவிட்டார்.

"மன்னா, நேரம் கடந்துவிட்டது. படை வாசலில் நிற்கிறது."

அது ராஜா பேசி முடித்த பிறகு வர வேண்டிய வசனம். அதற்கு ராஜாவின் பதில் "கதவைத் திறவுங்கள்" மட்டும்தான். வேறு வழியில்லாமல் பொன்னுரங்கம் அதைச் சொன்னார். கதவு திறந்தது, திரை விழுந்தது. ஒரு முழுப் பக்கத்தை மந்திரி விழுங்கிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"ஏன்டா கதவைத் திறந்தே?"

அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தன் மகன் ஒரு கோழை ராஜாவாக நடித்தான் என்ற நினைப்போடு போய்விட்டாரே என்று பொன்னுரங்கம் அழுத அழுகை அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

இருதயராஜிடம் அன்றைக்கே சண்டைக்குப் போயிருந்தார். அவர் எண்ணெய்ப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மறந்துபோச்சுப்பா. என் தப்புதான்."

இருதயராஜாவது மறப்பதாவது. தன் வசனம், ராஜா வசனம், சேடி வசனம், எல்லாம் தலைகீழாகச் சொல்கிற ஆள். மறந்துபோச்சாம்.

அன்றிலிருந்து பொன்னுரங்கம் தனியாக ஒரு எண்ணெய் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார். மன்றத்தை விட்டுப் போகவில்லை. போனால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். இருபது வருஷமாக மேடையில் இருதயராஜ் "அண்ணா" என்றால் இவர் "தம்பி" என்பார், "மாமா" என்றால் "மாப்பிள்ளை" என்பார். இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது.

*

இப்போது அதே ராஜா நாடகத்தை மறுபடி எடுத்திருந்தார்கள்.

ராஜா வேஷம் முகுந்தனுக்கு. மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன், முப்பது வயது, நல்ல குரல். மந்திரி பொன்னுரங்கம். இருதயராஜுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் கம்மிவிட்டது. வசனமே இல்லாத வாசல் காவலன் வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதே பொன்னுரங்கத்துக்கு இடித்தது. எந்த நடிகனாவது வசனமில்லாத வேஷத்தைக் கேட்டு வாங்குவானா? ஆபரேஷனே நாடகமாக இருக்குமோ? ஈட்டியைச் சரிசெய்யப் போகிற சாக்கில் கிட்டே போய்ப் பார்த்தார். கழுத்தில் தழும்பு நிஜமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. அது வாத்தியாரம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாத்தியாரம்மா மேலும் இப்போது சந்தேகம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதிரியின் தலைப்பாகையைக் கொடுத்தால் என்ன அர்த்தம்? இரண்டு பேரும் கூட்டோ?

ஒத்திகையில் அந்தப் பக்கம் வந்தது. "மன்னா, தங்கள் முடிவு என்ன?" என்று கேட்டுவிட்டுப் பொன்னுரங்கம் நின்றார். முகுந்தன் பேசத் தொடங்கினான்.

வாத்தியாரம்மா கையைத் தட்டி நிறுத்தினார்.

"மந்திரி எங்க பார்க்கிறார்?"

பொன்னுரங்கம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம் முழுக்க எனக்கு வசனமே இல்லையே வாத்தியாரம்மா. நான் என்னதான் பண்றது?"

"ராஜாவைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டு?"

"பாருங்க. அவ்வளவுதான்."

மறுபடி தொடங்கினார்கள். பொன்னுரங்கத்தின் கண், காவலனாக நின்ற இருதயராஜ் மேல் போனது. கை தட்டும் சத்தம். அடுத்த தடவை வாத்தியாரம்மா கவனிக்கிறாரா என்று சைடைப் பார்த்தார். அதற்கும் கை தட்டல்.

அந்த ஒத்திகை முடிந்ததும் வாத்தியாரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராஜா எந்த வார்த்தைக்கு முன்னாடி மூச்சு எடுக்கிறார்?"

அந்தப் பக்கம் முழுவதும் பொன்னுரங்கத்துக்குத் தலைகீழ்ப் பாடம். முகுந்தன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரிஞ்ச அன்னைக்கு வந்து சொல்லுங்க."

அடுத்த வாரம் முழுவதும் அவருக்கு இதே நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கண்ணை எடுக்காமல் ராஜாவைப் பார்த்தார். முகுந்தன் பேசுவதற்கு முன் இடது தோள் லேசாக ஏறுகிறது. 'பாட்டன்' என்ற வார்த்தைக்கு முன்னால் மூச்சு எடுக்கிறான். 'கஞ்சி' வருமுன் எச்சில் விழுங்குகிறான். இத்தனை நாள் கவுண்டரில் கையெழுத்தை மட்டும் பார்த்தோம், போடுகிற கையை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று அவருக்கே தோன்றியது.

போய்ச் சொன்னார். வாத்தியாரம்மா தலையாட்டினார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, ஜிப்பாவின் அக்குளைத் தைக்கத் தொடங்கினார்.

"என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை வாத்தியாரம்மா. நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் அன்னைக்கு வசனத்தை மறந்திருந்தா, நீங்க சைடுலேர்ந்து எடுத்துக் கொடுத்திருப்பீங்களா இல்லையா? உங்க சத்தமே வரலையே. அப்போ நான் மறக்கலைன்னுதானே அர்த்தம்? அவன் வேணும்னு குறுக்கே வந்தான்னுதானே அர்த்தம்?"

வாத்தியாரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தலைப்பாகை இறுக்கமா இருக்கா? கொஞ்சம் தளர்த்தித் தரவா?"

*

நாடகம் ஞாயிறு மதியம், பள்ளிக்கூட ஹாலில். மின்விசிறிகள் சத்தம் போட்டன. வெளியே சுண்டல் விற்றார்கள். முதல் காட்சிகள் நன்றாகவே போயின. முகுந்தனுக்குக் கைதட்டல் விழுந்தபோது பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்ததை மறைப்பதற்கில்லை.

கடைசிக் காட்சி தொடங்கி இரண்டு வசனம் ஆகியிருக்கும். ஹால் கதவு திறந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடம் தேடித் தேடி முன்வரிசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முகுந்தனின் மனைவி. நாடகம் நாடகம் என்று வீட்டைக் கவனிக்காதவனின் கூத்தைப் பார்க்க வரவே மாட்டேன் என்று சபதம் போட்டவள். முகுந்தன் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான்.

பொன்னுரங்கம் தன் வசனத்தைச் சொன்னார்.

"மன்னா, தங்கள் முடிவு என்ன?"

சொல்லிவிட்டு, பழக்கப்பட்டபடி ராஜாவைப் பார்த்தார்.

இடது தோள் ஏறியது. மூச்சு உள்ளே போனது.

வெளியே வரவில்லை.

முகுந்தனின் கண் முன்வரிசை ஓரத்தில் நின்றுவிட்டது. உதடு கொஞ்சம் திறந்திருந்தது. முகத்தில் பயம்கூட இல்லை. அந்த முகத்தில் ஆளே இல்லை.

"அமைச்சரே, இந்த வாசலைப் பாரும்."

சைடிலிருந்து வாத்தியாரம்மாவின் குரல் தெளிவாக வந்தது. பொன்னுரங்கத்துக்குக் கேட்டது. முகுந்தன் அசையவில்லை.

"அமைச்சரே, இந்த வாசலைப் பாரும்."

இப்போது முன்வரிசைக்கே கேட்டுவிட்டது. ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடியும் குரல் வந்தது, இன்னும் சத்தமாக. பின்னால் யாரோ சிரித்தார்கள். எல்லார் காதிலும் விழுந்த வார்த்தை ராஜாவின் காதில் மட்டும் விழவில்லை.

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்குக் குடை ஞாபகம் வந்தது.

முழங்காலுக்கு நடுவே ஊன்றிய குடை. பிடியின் மேல் அப்பாவின் இரண்டு கை. அதற்கு அடுத்து இருதயராஜின் குரல். இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. இப்போது தேடினார். அங்கே எதுவுமே இல்லை.



சிரிப்பு இரண்டாவது வரிசைக்குப் பரவியது. முகுந்தனின் மனைவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். தலை குனியத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பக்கம் முழுவதும் பொன்னுரங்கத்தின் நாக்கு நுனியில் இருந்தது. அவருடைய பக்கம். இருபது வருஷமாக அழுத பக்கம். ஆனால் ராஜாவின் பேச்சை மந்திரி பேச முடியாது. மந்திரிக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வசனம்.

மண்டியிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

"மன்னா, நேரம் கடந்துவிட்டது. படை வாசலில் நிற்கிறது."

முகுந்தனின் கண்ணில் ஆள் திரும்பி வந்தான். நெஞ்சு நிமிர்ந்தது. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி, கம்பீரமான குரலில் சொன்னான்:

"கதவைத் திறவுங்கள்."

காவலன் கதவருகே போனார். திறப்பதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி, மண்டியிட்டிருந்த மந்திரியைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

திரை விழுந்தது. கைதட்டினார்கள்.

*

மேக்கப் ரூமில் பொன்னுரங்கம் தலைப்பாகையைக் கழற்றாமல் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருதயராஜ் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியாரம்மா மூலையில் உடைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

முகுந்தன் கிரீடத்தோடு உள்ளே வந்தான். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?"

பொன்னுரங்கம் கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தார்.

"நான் பேச வாயெடுக்கிறேன். அதுக்குள்ள குறுக்கே வந்து விழுறீங்க. இந்த நாடகத்துக்கே அந்த ஒரு பக்கம்தான் சார். என் பொண்டாட்டி வராதவ வந்திருக்கா. ராஜா ஏன் கதவைத் திறந்தார்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது?"

பொன்னுரங்கத்தின் வாய் திறந்தது. சொல்லிவிடலாம். நீதான்பா சிலையாக நின்றுவிட்டாய், ஊரே சிரித்தது, உன் மனைவி தலைகுனிந்தாள் என்று சொல்லிவிடலாம். சாட்சிக்கு ஹால் முழுக்க ஆள் இருக்கிறது.

"மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க," என்றான் முகுந்தன். "நான் மறந்திருந்தா வாத்தியாரம்மா எடுத்துக் கொடுத்திருப்பாங்களே. அவங்க சத்தமே வரலையே."

மூலையில் துணி மடிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

பக்கத்தில் இருதயராஜின் கை கன்னத்திலேயே நின்றிருந்தது. பஞ்சிலிருந்து எண்ணெய் ஒழுகி மணிக்கட்டுக்கு வந்ததை அவர் கவனிக்கவில்லை.

பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்தது. முகச் சாயம் இருந்ததால் முகுந்தனுக்குத் தெரியவில்லை.

"மறந்துபோச்சு தம்பி," என்றார். "என் தப்புதான்."

"நீங்களா மறந்தீங்க? ராஜா வசனமே தலைகீழாச் சொல்றவர் நீங்க."

முகுந்தன் கிரீடத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். வைத்தான் என்றா சொல்வது, போட்டான். போகிற போக்கில் வாசலில் நின்று, பொன்னுரங்கத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான். கையெழுத்தைத் திருப்பி அனுப்புகிறபோது பொன்னுரங்கம் பார்க்கிற அதே பார்வை.

இருதயராஜ் மணிக்கட்டில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பலை போலிருக்கே," என்றார் இருதயராஜ். கம்மிய குரல்.

"நம்ப மாட்டான்," என்றார் பொன்னுரங்கம்.

அவருடைய சொந்த பாட்டில் காலடியில் பைக்குள் நிறைய எண்ணெயோடு இருந்தது. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருதயராஜ் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த எண்ணெயைக் கொஞ்சம் குடுப்பா."